கையெழுத்துப் போடாத ராஜா

ராபர்ட் மாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினான். சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டியபடி, பாலிதீன் பையில் சுற்றிய ஒரே ஒரு தாள். மணி மூன்று ஐந்து. நாலு மணிக்குக் கீழ்த்தளத்தில் மெஷின் ஓடத் தொடங்கிவிடும்.

மூன்றாவது மாடியிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கபீர் பாயின் குரல் துரத்திக்கொண்டு வந்தது. எழுதுகிற எவனும் அவருக்கு 'சயா', பர்மிய மொழியில் வாத்தியார்.

"சயா, நாலு அடிச்சா பதினொண்ணாம் பக்கத்துல சோப்பு விளம்பரம். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காத. எனக்கு சோப்பும் ஒண்ணுதான், உன் ராஜாவும் ஒண்ணுதான்."

பதில் சொல்ல நேரமில்லை. ஜூலை மாத யாங்கூன் மழை தெருவை முழங்கால் வரை நிரப்பியிருந்தது. முக்கில் நின்ற சைக்கா என்ற சைக்கிள் ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்து, தணிக்கை அலுவலகம் இருக்கும் தெருவின் எண்ணைச் சொன்னான். வண்டிக்காரர் மழையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், இரட்டைக் கூலி கேட்டார். ராபர்ட் தலையை ஆட்டினான்.

அவன் வேலை பார்ப்பது ஒரு பர்மிய விளையாட்டு வாரப் பத்திரிகையில். ஞாயிற்றுக்கிழமை உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இத்தாலி ஆடுகிறது. தேநீர்க் கடைக்குக் கடை டி.வி. பெட்டி இறங்கிவிட்டது. இந்த நேரத்தில் அவன் எழுதியிருந்த கட்டுரையின் தலைப்பு, 'இத்தாலி ஏன் நீலம்?'

கொடியில் பச்சை, வெள்ளை, சிவப்பு. சட்டையில் மட்டும் நீலம் எப்படி வந்தது? சவோய் என்ற அரச குடும்பத்தின் நிறம் அது. அறுநூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடும்பத்துப் பிரபு ஒருவன் போருக்குக் கப்பலேறியபோது, மாதாவுக்கு நேர்ந்துகொண்டு தன் கொடியோடு ஒரு நீலக் கொடியையும் பறக்கவிட்டானாம். சிதறிக் கிடந்த தேசத்தை ஒன்றாகக் கட்டியது அந்தக் குடும்பம். அந்தக் குடும்பத்து ராணியின் பெயரைத்தான் தங்கள் பீட்சா ரொட்டிக்கு வைத்தார்கள் என்று நேப்பிள்ஸ்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். 1946-இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு ராஜாவை அனுப்பிவிட்டார்கள். கொடியிலிருந்த குடும்பச் சின்னத்தையும் எடுத்துவிட்டார்கள். சட்டையை மட்டும் யாரும் மாற்றவில்லை.

கட்டுரையில் இந்த இடம்வரைக்கும் தணிக்கைக்காரர்கள் கை வைக்கவில்லை. கடைசி இரண்டு பத்திகளின் மேல்தான் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. ஓரத்தில் ஒரு கேள்வி: 'பந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?'

வேறு எந்தக் கட்டுரையாக இருந்தாலும் ராபர்ட் சோப்பு விளம்பரத்துக்கு வழிவிட்டிருப்பான். இதை விட முடியாது. அந்த இரண்டு பத்திகளில்தான் சிறையில் கிடக்கும் நெல்சனின் உயிர் இருந்தது.

*

மூன்று வாரத்துக்கு முன்னால் ஏஞ்சலா அவனைத் தேடி வந்தாள். அச்சகத்துக்கு எதிர்த்தாற்போல இருந்த தேநீர்க் கடையில், குட்டி ஸ்டூலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீலச் சட்டை, இடுப்பில் சுற்றிய நீல லோஞ்சி. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் வீடு; அங்கேயே சுருட்டு சுற்றும் பட்டறையில் வேலை. நெல்சனின் அக்கா.

எட்டு வருஷமாக ராபர்ட் அவர்கள் வீட்டுப் பக்கம் போனதில்லை. 1998-இல் ராணுவ ஆட்சிக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களோடு நெல்சனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினேழு வருஷம் தீர்ப்பு. அந்த வாரமே ராபர்ட்டையும் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். 'எனக்கும் இந்த நபருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றான். அதற்கப்புறம் தன்லியின் பாலத்தைத் தாண்ட அவனுக்குக் கால் வரவில்லை. அந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று எழுதிக்கொள்ள ஆள் போட்டிருந்தார்கள் என்பது ஒரு காரணம். நெல்சனின் அம்மா இருதயம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது என்பது இன்னொன்று.

"நீயும் நீலத்துக்கு மாறிட்டியாக்கா?" என்றான், பேச்சைத் தொடங்கத் தெரியாமல். மகன் வீடு திரும்பும்வரை நீலம்தான் உடுத்துவேன் என்று இருதயம்மாள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டது ஊருக்கே தெரியும்.

"அம்மாவோடதுதான் தம்பி" என்றாள் ஏஞ்சலா. "நான் சண்டைக்கு வரல. உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் சத்தமில்லாமல் பேசினாள். ஜனவரியில் நெல்சனிடம் ஒரு தாள் நீட்டியிருக்கிறார்கள். 'இனி அரசியல் பக்கம் தலைவைக்க மாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டால் வெளியே வரலாம். அவன் மாட்டேன் என்றிருக்கிறான். அதற்குத் தண்டனையாக அக்காவைப் பார்க்க விடுவதை நிறுத்திவிட்டார்கள். சாமான் மட்டும் கொடுத்தனுப்பலாம். சளியில் ரத்தம் வருகிறதாம். உள்ளேயிருந்து விடுதலையாகி வந்த ஒருவன் சொன்னான்.

"அம்மா?"

ஏஞ்சலா தேநீர்க் குவளையைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"அம்மா கண்ணு அவன் மொகத்துக்காகத்தான் தம்பி தொறந்திருக்கு. ஜெயில் ஆபீசுல மனு குடுத்தேன். அம்மாவுக்கு முடியல, கையெழுத்துப் போட்டுட்டு வரச் சொல்லுங்கன்னு. அவங்களும் அவன்கிட்ட சொல்லியிருக்காங்க. இது உங்க தந்திரம்னு சிரிச்சானாம். அவங்க வாயால சொன்னா நம்ப மாட்டான். நீங்க சொன்னா நம்புவான்."

"நான் எப்படி உள்ள போய்..."

"நீங்க போவேணாம். உங்க எழுத்து போவட்டும்."

அப்புறம் தன் தொழிலைச் சொன்னாள். சுருட்டின் வாய் முனையில் சோளமட்டையைச் சுருட்டி வைப்பார்கள். அது அவிழாமலிருக்கப் பழைய பத்திரிகைத் தாளைக் கீறி ஒட்டுவார்கள். எல்லாச் சுருட்டிலும் அது உண்டு. சிறைக்குள் காகிதம் கூடாது, பென்சில் கூடாது. ஆனால் சுருட்டு போகும். உள்ளே இருப்பவர்கள் முனையை அவிழ்த்து அந்தக் கீற்றைப் படிப்பார்கள். முன்பு நேரில் பார்க்க விட்ட காலத்தில் நெல்சனே சொல்லிச் சிரித்திருக்கிறான்: "அக்கா, போன கட்டுல பாதி ராசிபலன், பாதி தலைவலி மாத்திரை விளம்பரம். அடுத்த தடவ நல்ல பேப்பரா பாத்துச் சுத்து."

"கையால எழுதினா வார்டர் பாத்துருவான். அச்சடிச்ச தாளை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்றாள் ஏஞ்சலா. "உங்க பத்திரிகையில எதையாவது எழுதுங்க. அவனுக்கு மட்டும் புரியிற மாதிரி."

ராபர்ட்டுக்கு அந்த நிமிஷமே சவோய் ராஜா ஞாபகத்துக்கு வந்துவிட்டார். தன்லியினில் அவர்கள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கிழட்டு இத்தாலிய ஃபாதர் இருந்தார். 1983-இல் ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி ராஜா ஜெனீவாவில் செத்துப்போனாராம். முப்பத்தேழு வருஷம் சொந்த மண்ணை மிதிக்காதவர். சாகும்போதாவது ஊருக்கு வர ஆசைப்பட்டார். சட்டம் இடம் கொடுக்கவில்லை. பதவியைத் துறந்தேன் என்று கடைசிவரை ஒரு தாளில்கூட அவர் கையெழுத்துப் போடவில்லை. வகுப்பே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது நெல்சன் மட்டும் ராபர்ட்டின் காதில் சொன்னான்: "ஆள் கெட்டிக்காரன்டா. செத்தாலும் போடல பாரு."

அந்த ராஜாவுக்கு ஒரு மகன். 2002-இல் அந்த மகன், குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷமே கதவைத் திறந்துவிட்டார்கள். ஐம்பத்தாறு வருஷத்துக்கு அப்புறம் வீடு.

இரண்டு பத்தி. ஒன்றில் கையெழுத்துப் போடாத அப்பன், மற்றொன்றில் போட்ட மகன். கடைசியாக மூன்று வரி: 'கையெழுத்தால் நீலம் வெளுத்துவிடவில்லை. நீலம் உடுத்திய தாய் தன் மகனுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு அதிக நேரமில்லை.' பந்துப் பைத்தியங்களுக்கு அது இத்தாலி அணியைப் பற்றிய வரி. நெல்சனுக்கு அது இருதயம்மாள்.

*

தணிக்கை அதிகாரி முன்னாள் ராணுவக் கேப்டன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பேரப்பிள்ளைகளின் போட்டோக்கள். ராபர்ட்டின் லோஞ்சியிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் குளமாகியது. மணி மூன்று இருபத்தெட்டு.

"நீ தமிழன்தானே?" என்றார் அவர், பர்மிய மொழியில். "இத்தாலி ராஜாவுக்கும் உனக்கும் என்ன உறவு?"

"பள்ளிக்கூடத்துல இத்தாலி ஃபாதர் படிச்சுக் குடுத்தார் சயாஜீ. அந்தப் பழக்கம்."

"நாட்டை விட்டுத் துரத்தினவங்க, திரும்பி வரத் துடிக்கிறவங்க. இதையெல்லாம் எதுக்கு எழுதறே? யாரை மனசுல வச்சு எழுதறே?"

"சட்டையை மனசுல வச்சுத்தான் சயாஜீ. ராஜாவைத் துரத்தியும் நிறம் போகலங்கறதுதான் கட்டுரை. முடிவைச் சொல்லலைன்னா வாசகன் கேப்பான், அந்தக் குடும்பம் அப்புறம் என்னாச்சுன்னு."

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது ராபர்ட்டுக்குக் கேட்டது.

"இந்த மகன். கையெழுத்துப் போட்டானா?"

"போட்டார்."

"போட்ட உடனே விட்டுட்டாங்களா?"

"அந்த வருஷமே சயாஜீ."

அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷம் வந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இது நல்ல விஷயம். இதுல ஒரு புத்திமதி இருக்கு. பிடிவாதத்தை விட்டுட்டுக் கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போலாம். நம்ம ஆளுங்களும் படிக்கட்டும்." பேனா மேல் பத்தியின் மீது குறுக்கே ஓடியது. "அப்பனை வெட்டு. மகன் இருக்கட்டும்."

"சயாஜீ, அப்பன் இல்லாம மகன் கதை..."

"அப்பன் வேணும்னா ரெண்டு பேரும் போகட்டும்."

ராபர்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதிகாரி அடியில் முத்திரை குத்தித் தாளை நீட்டினார். படிகளில் இறங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜனவரியிலிருந்து அவர்கள் நெல்சனிடம் சொல்லிவந்ததை, இப்போது அவர்களுடைய முத்திரையோடு, தன் பெயரில், தானே எழுதி அனுப்பப்போகிறான்.

தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நின்றான். இருதயம்மாள் பள்ளிக்கூட வாசலில் இரண்டு டிபன் பாக்ஸோடு நிற்பது நினைவுக்கு வந்தது. ஒன்று மகனுக்கு, ஒன்று தாயில்லாத ராபர்ட்டுக்கு. மறுபடி மழைக்குள் ஓடினான்.

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தபோது பதினொன்றாம் பக்கம் மெஷினுக்குப் போனது. அப்பன் ராஜா இருந்த இடத்தில் கபீர் பாய் ஒரு பந்தின் படத்தைப் போட்டு அடைத்தார்.

"அழகா இருக்கு" என்றார். "ராஜாவை விட ரவுண்டா இருக்கு."

*

இத்தாலி கோப்பையை வென்றது. யாங்கூன் தெருக்களில் நீலச் சட்டைக்காரர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்த வாரமே பதினொன்றாம் பக்கம் தன்லியினில் கத்தரிக்கோலுக்குக் கீழே போனது. இருபத்தாறு கீற்று, இருபத்தாறு சுருட்டு. வரிசை தெரிவதற்காக ஏஞ்சலா ஒவ்வொன்றின் அடியிலும் நூல் சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனாள். கட்டு உள்ளே போயிற்று. எந்த வார்டரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒன்றுமில்லை. ஜூலை போனது, ஆகஸ்டும் போனது. ராபர்ட் இரண்டு தடவை பாலம்வரை போகும் பஸ்ஸில் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பினான். நெல்சன் வெளியே வந்த பிறகு அவனோடு சேர்ந்து போய் அந்த அம்மாவின் காலில் விழுந்துவிடலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டான். கிழவி அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் அச்சகத்துக்குப் போன் வந்தது. ஏஞ்சலா.

"கையெழுத்துப் போட்டுட்டான் தம்பி. நாளைக்குக் காலையில விடறாங்க."

சிறை வாசலில் வெளிப்பட்டவனை ராபர்ட்டுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முப்பத்தாறு வயசுக்காரன் அறுபது மாதிரி இருந்தான். காலர் எலும்புக்கும் சட்டைக்கும் நடுவில் ஒரு கை நுழையும். ஏஞ்சலா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்; அழவில்லை. நெல்சன் ராபர்ட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"தொப்பை வச்சுட்டியேடா."

"எட்டு வருஷமா உன் பங்கையும் சேத்துத் தின்னேன்."

"தெரியுது."

பஸ்ஸில் நடுவில் நெல்சன், ஜன்னலோரம் ஏஞ்சலா, இந்தப் பக்கம் ராபர்ட். ராபர்ட்டின் மடியில் இருதயம்மாளுக்காக வாங்கிய பால்மாவு டப்பா. பாகோ ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது நெல்சன் சட்டைப் பைக்குள் கைவிட்டு, புகையிலை நாற்றமடிக்கும் கீற்றுகளை எடுத்தான். கடைசிக் கீற்றை விரலால் நீவினான்.

"உன் எழுத்துன்னு மூணாவது சுருட்டுலயே புடிச்சுட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும். அப்பன்காரன் எங்க? நீயா விட்டியா, அவங்க வெட்டினாங்களா?"

"வெட்டிட்டாங்க."

நெல்சன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருமி முடித்த பிறகு சொன்னான்: "நல்லதாப் போச்சு. அது இருந்திருந்தா போட்டிருக்க மாட்டேன்." கீற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "மகன்காரனுக்காக எல்லாம் நான் போடல. கடைசி வரிக்காகத்தான். நீ பொய் எழுத மாட்டேன்னு தெரியும். அன்னைக்கு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தியே, அது பயம். அத நான் கணக்குல எடுத்துக்கல."

ராபர்ட் டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டே வந்தான்.

"அம்மா எந்திரிச்சு உக்காருதாக்கா?" என்றான் நெல்சன்.

"பேசாம வாடா. பேசினா இருமல் வருது" என்றாள் ஏஞ்சலா, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தன்லியினில் இறங்கியதும் நெல்சன் வீட்டுச் சந்துக்குத் திரும்பினான். ஏஞ்சலா அவன் முழங்கையைப் பிடித்து நேரே நடத்தினாள்.

"மொதல்ல கோயிலுக்கு. நேர்ச்சையை முடிச்சுருவோம்."

நேர்ச்சை என்றதும் நெல்சன் மறுபேச்சில்லாமல் நடந்தான். மாதா பீடத்தில் நீலத்தைக் கழற்றி வைத்தால்தான் நேர்ச்சை தீரும். ராபர்ட் பின்னால் போனான். கோயில் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மாதாவின் முன்னால் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஏஞ்சலா அங்கே நுழையவில்லை. சுவரோரமாகப் பக்கவாட்டுப் பாதையில் திரும்பி, ஈரப் புல்லுக்குள் நடந்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் எங்க?"

அவள் பின்சுவரை ஒட்டி, பழைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவில், மழையில் அமுங்கிப்போன ஒரு மண்மேட்டுக்கு முன்னால் நின்றாள். தலைமாட்டில் மரச்சிலுவை. நீலப் பெயிண்ட்.

"நாலே பேர்தான் அடக்கம் பண்ணோம்" என்றாள் ஏஞ்சலா. குரல் சாதாரணமாக இருந்தது. "சொன்னா உள்ள உன் காதுக்கு வந்துரும். அப்புறம் எதுக்காகக் கையெழுத்துப் போடுவே? நேர்ந்தவங்க போயிட்டா மிச்ச நாளுக்குப் புள்ளதான் உடுத்தணும்னு ஃபாதர் சொன்னார். உடுத்தினேன்."

தேநீர்க் கடையில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ராபர்ட்டின் கண்முன் வந்தது. 'அம்மாவோடதுதான் தம்பி.' அது ஜூன் மாதம். கட்டுரை அச்சானது ஜூலையில்.

நெல்சன் குனிந்து சிலுவையில் எழுதியிருந்ததைப் படித்தான். அப்புறம் நிமிர்ந்து, கையிலிருந்த கடைசிக் கீற்றையும் ராபர்ட்டின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

ராபர்ட்டும் குனிந்தான். வெள்ளை எழுத்து, மேலே பர்மிய மொழியில், கீழே தமிழில்.

இருதயம்மாள். இறப்பு: 11 மே 2006.